மணி அடிக்காத வகுப்பு

தம்பி,

நீ போய்ச் சேர்ந்த மலையில் இப்போது மழையா, பனியா, எனக்குத் தெரியாது. இங்கே விடாத மழை. நானும் உன் அத்தையும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு நீ இல்லாத வலி. இதை நலம் என்று எழுதினால் நீ நம்பவா போகிறாய்? பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டதில் உன் பெண்சாதி வீட்டாருக்கு இந்தியா கிடைத்தது, அவர்களோடு உனக்கும் கிடைத்தது. எனக்கு இந்த நாடு கிடைத்தது. இரண்டு அரசாங்கமும் சேர்ந்து நம் குடும்பத்தைப் பங்கு போட்டதில் நீ கடலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அங்கேயும் தேயிலைதான், குளிர்தான், அதற்கு ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு உன் மாமனார் என்மேல் கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்குக் கோபம் என்ன கேடு?

பதுளை ஸ்டேஷனில் உன்னிடம் பேச நிறைய வைத்திருந்தேன். அங்கே அத்தனை சனம் அழுதுகொண்டிருந்தபோது நான் என்ன பேசுவது, நீ எதைக் கேட்பது? அதனால்தான் இந்தக் கடிதம். நீ மட்டும் படிக்க வேண்டும் என்றில்லை. உன் பெண்சாதி படிக்கட்டும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள், அவளுக்கு இது தெரிய வேண்டும். அக்கம்பக்கத்தில் யாராவது அடங்காத பிள்ளை ஒன்றை வைத்துக்கொண்டு திண்டாடினால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவனுடைய கையெழுத்து, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் அம்மா காய்ச்சலில் போனபோது உனக்கு ஆறு வயது. நம் வேலை உனக்குத் தெரியும். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிட நான்தான் தப்படிப்பேன். தோட்டத்தில் சாவு விழுந்தால் அதற்கும் நான்தான். பக்கத்துத் தோட்டத்தில் இருந்து கூட அடிக்க வருகிற உன் சித்தப்பா அந்த வாரம் படுக்கையில் கிடந்தார். "கட்டினவ பொணத்துக்கு நீயே அடிக்கிறதாடா?" என்று சிலர் கேட்டார்கள். "மோளம் இல்லாம எடுத்தா அனாதப் பொணமாப் போயிரும், நீயே அடி" என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வேறு எதுவும் வாங்கிக் கொடுக்காதவன் இதையாவது செய்யலாம் என்று, அவளுக்கு முன்னால் நடந்து அடித்துக்கொண்டே போனேன். லயத்து வரிசைவீட்டு வாசலில் அத்தையின் இடுப்பில் இருந்து நீ பார்த்தாய். அப்பா அடித்தார், அம்மா போனாள். உன் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலும் நமக்கு ஒரு கூத்து. ஆணியில் இருந்து தப்பை நான் எடுக்கும் முன்னே நீ எழுந்துவிடுவாய். என் காலைக் கட்டிக்கொள்வாய், கடிப்பாய், சுவரில் தலையை முட்டுவாய். வாயில் இருந்து ஒரு சொல் வராது, வெறும் அலறல்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையை அடித்துவிட்டு ஓடுவாய். சிலேட்டு உடையும், யாருக்காவது உதடு கிழியும், பிள்ளை பெற்றவர்கள் நம் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் வந்து நிற்பார்கள். ஒருநாள் மாஸ்டர் உன் கையைப் பிடித்துக் கொண்டுவந்து என்னிடம் விட்டார். "இனி இவன அனுப்பாத. அங்க இருக்கிற புள்ளைகளும் புள்ளைகதானே." அவர் சொன்னதில் பொய் இல்லை. பேய் பிடித்திருக்கிறது என்று லயமே சொன்னது. லுணுகலைப் பக்கம் இருந்து கோடாங்கியைக் கூட்டி வந்தோம். அந்த மனிதர் உன் முகத்துக்கு நேரே உடுக்கை அடித்தார். மேளத்துக்குப் பயந்த பிள்ளைக்கு மேளத்தாலேயே வைத்தியம்! நம் சனத்தைத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும்? அதற்குப் பிறகு நீ சாப்பாட்டையும் விட்டாய். என் பிள்ளை எனக்கு இல்லை என்று நான் நினைத்தது அந்த நாட்களில்தான்.

பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் உன்னைப் பார்த்துவிட்டு, "பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. இந்தப் பிள்ளைக்கு மனத்தில் அடி பட்டிருக்கு" என்றார். டவுனில் அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று புதிதாக ஒரு வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள், கிழமை நாட்களில் அங்கேயே தங்கலாம், கொண்டுபோய்ச் சேர் என்றார். உடைந்த கதிரை மேசைகளைப் போட்டு வைக்கிற பின்கட்டு அறையைத் துடைத்து வகுப்பாக்கியிருந்தார்கள். பத்துப் பிள்ளைகள்கூட இருக்கமாட்டார்கள். மேசைக்கு அடியிலேயே குடியிருக்கிற ஒரு பெண்பிள்ளை, கடதாசியைக் கண்டால் கிழிக்கிற ஒரு பையன், யார் தொட்டாலும் கத்துகிற இன்னொருவன். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த உருவம், சத்தமே இல்லாத குரல். அந்த வகுப்பில் மணி கிடையாது. சாப்பாட்டு நேரம் வந்தால் டீச்சர் சன்னலோரம் போய் ஒரு பச்சைத் துணியை ஆட்டுவார், பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். ஆளுக்கொரு பாய் மூலையில் விரித்திருக்கும். கோபம் வந்தால் அதில் போய் இருக்க வேண்டும். தண்டனை இல்லை. யாரும் கூப்பிடமாட்டார்கள், யாரும் ஏசமாட்டார்கள். கோபம் இறங்கினபிறகு தானாக எழுந்து வரலாம். இப்படி ஒரு பாய் நம் தோட்டத்தில் போட்டால் முதலில் கணக்கப்பிள்ளையைத்தான் அதில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். டீச்சர் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் ஒருவர் என் பேச்சுக்குச் சிரித்தது அதுதான் முதல்தடவை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் கொண்டுபோய் உன்னை விடுவேன், வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போவேன். விட்டுவிட்டுத் திரும்பும்போது நீ அழுவாய் என்று பார்ப்பேன். அழமாட்டாய். திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாய். "பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க டீச்சர்" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் உடனே சொன்னார்: "அப்பிடிச் சொல்லாதேங்கோ. திரும்பிப் பாத்தா நீங்கள் இருக்கமாட்டியள் எண்டு பிள்ளைக்குப் பயம். அதுதான் பாக்கிறேல்ல." அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீ உள்ளே போனபிறகும் நான் வாசலிலேயே நின்றேன். ஒருநாள் நீ வாசல்படியில் நின்று, தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாய். நான் நின்றேன். தம்பி, உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளை உன்னைத் திரும்பிப் பார்க்காவிட்டாலும் நீ இடத்தை விட்டு நகராதே. அது எப்போது பார்க்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

வகுப்பில் சேர்ந்து கொஞ்ச மாதம் கழித்து நீ டீச்சரிடம் முதல்முதலாக வாயைத் திறந்தாயாம். சொன்னது ஒரே ஒரு வரி: "அப்பா அடிச்சா ஆள் போயிரும்." அடிக்கிறது என்றால் என்ன என்று டீச்சர் என்னிடம் கேட்டார். என் தொழிலைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே நான் பின்வாங்கி வாசலுக்குப் போயிருக்கிறேன். அது கால் பழகின பழக்கம்; யாழ்ப்பாணத்து ஆட்கள் முன்னால் தப்பு என்று சொன்னால் எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்குத் தெரியும். "ஏன் அங்க போறியள்? வந்து இருந்து சொல்லுங்கோ" என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "அந்தப் பறையை இஞ்ச கொண்டு வாங்கோ. கொஞ்சக் காலம் இஞ்சயே கிடக்கட்டும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்த மாட்டுத் தோல் டீச்சர், பள்ளிக்கூடத்துக்குள் ஆகுமா என்றேன். "பிள்ளையின்ர பயம் உள்ள வந்து இருக்குது. பறை வந்தா என்ன?" என்றார்.

அத்தையின் பழைய சீலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சுற்றினால் மட்டும் தெரியாமல் போகுமா? "என்னாங்க, யாரு வீட்டு எழவு? பஸ்ஸுல அடிச்சிராதீங்க, டைவர் தூங்கிருவாரு" என்று கண்டக்டர் கேலி பண்ண, பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வகுப்பு நடுவில், தரையில், அதை வைத்துவிட்டு வந்தேன். நீ அன்றைக்கு முழுவதும் உன் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இங்கே என் பாடு அதைவிடச் சிரிப்பு. தப்பு இல்லாமல் பெரட்டுக்கு எப்படிக் கூப்பிடுவது? மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டினேன். "என்னா மாமா, ஈயம் பூசுறவன் வந்துட்டானா?" என்று கொழுந்தெடுக்கிற பெண்கள் கேட்டார்கள். மேல்லயத்து ஆட்கள் சத்தம் கேட்கவில்லை என்று பிந்தி வர, கணக்கப்பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டார். தோல் கிழிந்துவிட்டது, பதுளையில் தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

இதுவரை அரைகுறையாக உனக்கும் தெரிந்திருக்கும். இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அத்தையிடம்கூடச் சத்தியம் வாங்கியிருந்தேன். தப்பு அங்கே கிடந்த காலத்தில் நம் தோட்டத்துப் பெரிய கங்காணி செத்துப்போனார். உன் தாத்தா காலத்து மனிதர், நமக்கு உலை ஏறாத நாட்களில் அரிசி அனுப்பினவர். அவர் மூத்த மகன் என்னிடம் வந்து, "நாளைக்கு மத்தியானம் எடுக்கிறோம். அப்பாவுக்கு நீதான் முன்ன நிக்கணும்" என்றார். தலையாட்டிவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் பதுளைக்கு ஓடினேன். தப்பை எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு.

வகுப்புச் சன்னல் பக்கம் போனபோது உள்ளே நீங்கள் எல்லாரும் தப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். மேசைக்கு அடியில் இருக்கிற அந்தப் பெண்பிள்ளை வெளியே வந்து, கையில் குச்சியோடு இருந்தாள். அவள் ஒரு தட்டு தட்டினாள். நீ பாய்ந்து உள்ளங்கையைத் தோலின்மேல் வைத்து அமுக்கினாய். சத்தம் நின்றது. பிறகு நீ தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாய். அந்தப் பெண்பிள்ளை இருந்தாள். கடதாசி கிழிக்கிறவன் இருந்தான். டீச்சர் இருந்தார். யாரும் போகவில்லை. நீ கையை எடுத்தாய். அவள் மறுபடி தட்டினாள், நீ மறுபடி அமுக்கினாய், மறுபடி எல்லாரையும் பார்த்தாய். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி நான் உன் அம்மாவுக்குக்கூட அழவில்லை.

டீச்சர் என்னைக் கண்டு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "இண்டைக்கு நீங்கள் இதை எடுத்துக்கொண்டு போனியள் எண்டா, ஆரோ செத்ததுக்குத்தான் போகுது எண்டு பிள்ளைக்கு விளங்கும். இவ்வளவு நாளும் செய்தது போயிரும். ஆனா நான் வேண்டாம் எண்டு சொல்லமாட்டன். அது உங்கட ஊர், உங்கட சனம். நீங்களே முடிவு எடுங்கோ" என்றார். உள்ளே இன்னும் தட்டும் சத்தம் கேட்டது, உடனே நின்றது. நீ என்னைப் பார்க்கவில்லை. நான் சன்னலுக்குக் கீழே குனிந்து, திருடன் மாதிரி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

வெறுங்கையோடு வந்து கங்காணி வீட்டு முற்றத்தில் நின்றபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். "எங்கடா தப்பு?" என்றார் மகன். எடுத்துவர முடியவில்லை, என் பிள்ளைக்கு வைத்தியத்துக்கு இருக்கிறது என்றேன். அவருக்கு அது என்ன விளங்கும்? யாருக்குத்தான் விளங்கும்? "எங்கப்பன் சோத்தத் தின்னவன்தானே நீ? எங்கப்பன் என்னா அனாதையா?" என்று என் சட்டையைப் பிடித்தார். பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் அனுப்ப நேரம் இல்லை, மழை இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய கங்காணியை மேளம் இல்லாமல் தூக்கினார்கள். நான் என் வழக்கமான இடத்தில், பாடைக்கு முன்னால், வெறுங்கையோடு நடந்தேன். பின்னுக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. மனிதர் போகும் வழியில் காலடிச் சத்தமும் மழைச் சத்தமும்தான். அவரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன். ஆனாலும் தம்பி, திரும்ப அதே நாள் வந்தால் திரும்ப வெறுங்கையோடுதான் வருவேன்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. வெகுகாலம் நம் வீட்டுக்குக் கல்யாணப் பாக்கு வரவில்லை. எல்லாரும் பிடித்து முடித்தபிறகுதான் அத்தை பீலியில் தண்ணீர் பிடித்தாள். ஏன் மற்ற பிள்ளைகள் நம் காம்பராவுக்கு விளையாட வருவதில்லை என்று லீவில் வந்த நீ கேட்டாய். சோம்பேறிகள், அதுதான் என்றேன். நீயோ கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாய். நேராக வந்தாய் என்று சொல்லமாட்டேன். நடுவில் டீச்சரின் கையைக் கடித்து வைத்தாய், ஒரு மாதம் மறுபடி பேச்சை விட்டாய். அவர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, "கடிச்சாலும் பிறகு வந்து என்ர பக்கத்திலதான் இருந்தவர்" என்று பெருமையாகச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நீயே தப்பைச் சீலையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாய். "அப்பா, இத வீட்டுக்குக் கொண்டு போவோம். இது யாரையும் கூட்டிட்டுப் போகல" என்றாய். திங்கள் விடியலில் நான் அடித்தேன். டீச்சர் சொல்லித்தான் அன்றைக்கு உன்னை வீட்டில் வைத்திருந்தேன். நீ போர்வைக்குள் இருந்து என்னையும் அத்தையையும் பார்த்தாய், பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டாய். பிறகு மற்றப் பிள்ளைகளோடு படித்தாய், தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் அத்தனை மெசின் இரைச்சலுக்கு நடுவில் வேலை செய்தாய். கடைசிவரை நீ தப்பைத் தொட்டு அடிக்கவில்லை, நானும் அடி என்று சொல்லவில்லை. அது போதும்.

உனக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். பிறக்கிற பிள்ளை முரண்டு பிடித்தால் கட்டி வைக்காதே, கோடாங்கியைத் தேடாதே. அந்த நாட்டிலும் எங்காவது ஒரு டவுனில் இப்படி ஒரு வகுப்பு இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு நில், வெட்கப்படாதே. பதுளை வகுப்பில் படித்தவன் என்று உன்னைப் பற்றியும் மறைக்காதே. பிள்ளை எதற்குப் பயப்படுகிறது என்று தெரிந்தால், அதைப் பிடுங்கி எறியாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீயும் கூட உட்கார். பெண்சாதிக்கும் ஒரு பாய் போட்டுக் கொடு, உனக்கும் ஒன்று போட்டுக்கொள்.

ஸ்டேஷனுக்குக் கங்காணி மகனும் வந்திருந்தார், நீ பார்த்தாயா தெரியாது. தூரத்தில் தூணோரம் நின்றார். கோச்சி கூவியதும் நான் உன் சன்னலுக்குப் பக்கத்தில் வந்தேன். யார் போனாலும் அடித்து அனுப்பிப் பழகினவன், நீ போகும்போது கையில் எதுவும் இல்லாமல் நின்றேன். நீ சன்னலுக்கு வெளியே குனிந்து, என் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாய். நினைவு இருந்து செய்தாயா, கை தானாக வந்ததா? கோச்சி நகர்ந்து, கை விலகுகிறவரைக்கும் எனக்குள் ஒரு சத்தமும் இல்லை. நீ போய்விடுவாய் என்று அப்போதும் நான் நம்பவில்லை.

இப்போதெல்லாம் விடியற்காலையில் தப்பைச் சூடு காட்டி எடுத்ததும், முதல் அடிக்கு முன்னால் அதன்மேல் கையை வைக்கிறேன். வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கிறேன். அத்தை அடுப்படியில் இருக்கிறாள். பக்கத்துக் காம்பராவில் விளக்கு எரிகிறது. உன் பாய் சுருட்டினபடி சுவரோரம் நிற்கிறது. அந்தப் பாயை விட்டுக் கண்ணை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் அடிக்கிறேன். பெரட்டு பிந்துகிறது என்று கணக்கப்பிள்ளை கத்துகிறார். கத்தட்டும்.

வாசலிலேயே நிற்கிற
உன் அப்பா